மரவள்ளி

ஆங்கிலத்தில் கசாவா எனப்படும். இலங்கை ஆங்கிலத்தில் மானியாக் என்றே பெரிதும் வழங்கும். ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த, மாச்சத்து மிகுந்த கிழங்குப் பயிர். தென்னமெரிக்கா தாயகம். 1786இல் ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராப் காலத்தில் மொரீசியசிலிருந்து இலங்கைக்கு வந்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் தாழ்ந்த நிலமெல்லாம் நெல்வயல். நீர் தேங்கினால் மரவள்ளிக் கிழங்கு அழுகிவிடும் என்பதால், மேட்டுக் காணிகளும் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையின் மணல் வளவுகளுமே அதற்கு ஏற்றவை. முற்றிய தடியை ஒரு சாண் அளவில் வெட்டி, வடகீழ்ப் பருவமழையை ஒட்டி ஊன்றுவர். வேரூன்றியபின் வறட்சியைத் தாங்கி நிற்கும். 1970களில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இதனால்தான். ஏழைகளின் உணவு என்று இதை ஒதுக்குவது பெரும் நன்றிகேடு.

கிழங்கிலும் இலையிலும் லினமரின் என்னும் பொருள் உண்டு. திசு சிதையும்போது அதிலிருந்து சயனைட்டு நஞ்சு வெளிப்படும். கசப்பு வகைகளில் இது மிகுதி. தோலை முழுதும் உரித்து, நிறைய நீரில், மூடாமல் அவித்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும். பச்சையாக ஒருபோதும் தின்னலாகாது. மரவள்ளி உண்ட வேளையில் இஞ்சியைத் தவிர்ப்பது இலங்கையெங்கும் உள்ள வழக்கம்.

கிண்டிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கருநீலம் பாயும். ஆகவே தேவைக்கு மட்டும் கிண்டி, அவித்து, தேங்காய்ச் சம்பலுடன் உண்பர். ஜவ்வரிசி இதன் மாவில் செய்யப்படுவதே. தமிழ்நாட்டில் சேலம் அதற்குப் பேர்போனது.