தூரமும் காலமும்: கொக்கலை – பேர்த் விமானப் பாதை பற்றிய ஒரு நோக்கு

இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரம் மாறுவதில்லை. அதனைக் கடக்க எடுக்கும் காலமோ வரலாற்றுக்கு உட்பட்டது. இம்மாற்றத்தைப் பொறியியலின் வெற்றியென்று மட்டும் கொள்ளுதல் போதுமா? இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இலங்கையையும் மேற்கு அவுஸ்திரேலியாவையும் இணைத்த விமானப் பாதை இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாகும்.

1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. இங்கிலாந்தையும் அவுஸ்திரேலியாவையும் இணைத்த விமானப் பாதையும் அதனோடு அறுந்தது. போர் நமது கரையையும் விட்டுவைக்கவில்லை. ஏப்ரல் 5 இல் கொழும்பும் 9 இல் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அதே 9 ஆம் நாள் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. நிந்தவூர் மீனவர் தோணி இறக்கும் இக்கடல் அன்று போர்க்களமாயிருந்தது.

அறுந்த தொடர்பு 1943 யூன் மாத இறுதியில் மீண்டும் பிணைக்கப்பட்டது. குவாண்டாஸ் நிறுவனத்தின் கற்றலினா நீர்விமானங்கள் பேர்த் நகரின் சுவான் ஆற்றுக்கும் காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் இடையே பறக்கத் தொடங்கின. தூரம் ஏறக்குறைய 5,650 கிலோமீற்றர். வேகமோ மணிக்கு 200 கிலோமீற்றர் அளவே. ஆதலின் ஒரு பயணம் 27 முதல் 33 மணித்தியாலங்கள் வரை நீடித்தது. இடையில் இறங்கித் தரிக்க இடமில்லை. எரிபொருளின் பாரத்தினால் மூன்று பிரயாணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே இடமிருந்தது. எதிரி அறியாதிருக்கும் பொருட்டு வானொலித் தொடர்பு தவிர்க்கப்பட்டது. விண்மீன்களைக் கொண்டே வழி கணிக்கப்பட்டது. ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதிக்கக் கண்டமையால் இது ‘இரட்டைச் சூரியோதயப் பயணம்’ எனப் பெயர் பெற்றது. 1945 யூலை வரை 271 தடவைகள் கடல் கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் இழக்கப்படவில்லை.

1944 இல் லிபரேற்றர் விமானங்கள் சேவைக்கு வந்தபோது பயணம் ஏறத்தாழ 17 மணித்தியாலங்களாகக் குறுகியது. 2018 மார்ச்சில் பேர்த்திலிருந்து லண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கப்பட்டது. ஏறக்குறைய 14,500 கிலோமீற்றர் கொண்ட அப்பயணத்துக்கும் 17 மணித்தியாலமளவே செல்கின்றது. அன்று ஒரு சமுத்திரத்தைக் கடக்கச் சென்ற பொழுதில் இன்று இரு கண்டங்களுக்கு இடைப்பட்ட வெளி முழுவதும் கடக்கப்படுகின்றது.

ஆயினும் காலத்தைச் சுருக்கியதற்கான விலையை யார் செலுத்தினர் என்பதும் வரலாற்று மாணவர் கேட்கவேண்டிய வினாவாகும். கொக்கலை விமானத்தளம் அமைந்தபோது அவ்வூர் மக்கள் தம் இல்லங்களைவிட்டு வெளியேற்றப்பட்டனர். எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு தப்பியது. அது இன்று அரும்பொருட்சாலை வளவினுள் பேணப்படுகின்றது. அயலிலிருந்த வீடுகள் பலவற்றுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. இரு சூரியோதயங்களைக் கண்ட பிரயாணிகளுக்கு நினைவுச் சான்றிதழ் வழங்கப்பட்டது. குடிபெயர்ந்தோர்க்கு அத்தகைய நினைவுச் சின்னம் எதுவுமில்லை.

இது தென்கரைக்கு மட்டும் உரிய செய்தியன்று. 2013 இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டதையடுத்து ஒலுவில், நிந்தவூர்க் கரைகளில் ஏற்பட்ட கடலரிப்பைக் கண்ட எமக்கு இவ்வுண்மை புதியதன்று. தூரங்களைக் குறுக்கும் முயற்சிகள் வேண்டுவனவே. எனினும் அவற்றின் வரலாறு பயண மணிகளின் கணக்கோடு முடிந்துவிடலாகாது. இழந்த நிலத்தின் கணக்கும் அதில் இடம்பெறுதல் வேண்டும்.