சோதனைச் சாவடியும் சப்பட்டை மாம்பழமும்

ராஜபாளையம் சப்பட்டை மாம்பழம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டால் எனக்கு ஒரு பழைய லாரியின் நினைவு வந்துவிடும்.

1980-களில் எல்லையோரச் சோதனைச் சாவடி ஒன்றில் எழுத்தராக இருந்தேன். ஒரு ராத்திரி மாம்பழ லாரி வந்தது. பில்லில் எழுதியிருந்த வண்டி எண்ணில் ஓர் இலக்கம் பிழை. மேலதிகாரி வரட்டும் என்று நிறுத்தி வைத்தேன். அவர் வந்தது மறுநாள் காலை. "சார், நான் காத்திருப்பேன், பழம் காத்திருக்குமா?" என்றார் டிரைவர். விதியைச் சொன்னேன். வேறு பதில் என்னிடம் இல்லை.

சரக்கை வழிமறித்து வரி கேட்பது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர் நிலைத்தது. சுங்கம் எவ்வளவு உறுத்தியிருந்தால், அதை எடுத்தவனுக்கு அப்படி ஒரு பட்டம் கொடுத்திருப்பார்கள்! நான் சிறுவயதில் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நம்மவர் 'ஆக்ட்ராய்' என்று சொல்லும் நகர நுழைவு வரி பிரெஞ்சுச் சொல்தான். பள்ளியில் 'ஒக்த்ருவா' என்று படித்தோம். 1789 ஜூலையில் பாரீஸ் மக்கள் பஸ்தீய் சிறையைப் பிடிப்பதற்கு முன்பே நகரைச் சுற்றியிருந்த சுங்கச் சாவடிகளுக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

நம் மாகாணத்தில் பொது விற்பனை வரியை 1939-இல் கொண்டுவந்தவர் ராஜாஜி. மதுவிலக்கால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட வேண்டியிருந்தது. பின்னாளில் வரி ஏய்ப்பைத் தடுக்கச் சாவடிகள் வந்தன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளம் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். ராஜபாளையத்து நூலும் சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியும் அந்த வழியில்தான் போகும். சாலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் காகிதம் சரியாக இல்லாவிட்டால் வண்டி நகராது.

2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது, வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன. 2018 ஏப்ரல் 1 முதல் மாநிலம் தாண்டும் 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. சரக்கு கிளம்பும் முன்பே வியாபாரி கணினியில் பதிந்துவிடுகிறார். வழியில் அதிகாரி கேட்டால் சரக்கு பில்லோடு அந்த எண்ணைக் காட்டினால் போதும். 2021-இல் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் சுங்கக் கட்டணத்துக்கு நிற்பதும் குறைந்தது. நான் பேரேட்டில் எழுதி முத்திரை குத்திய வேலையை இன்று கைபேசி பார்க்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று இ-வே பில்லுக்குக் கெடு உண்டு. வழியில் வண்டி பழுதாகிக் கெடு முடிந்தால், அதற்கு எட்டு மணி நேரம் முன்போ பின்போ கணினியில் நீட்டிக்க வேண்டும். பெரிய மில்லுக்கு அதைப் பார்க்க ஆள் இருக்கிறது. நாலு தறி வைத்திருப்பவர் ராத்திரி இரண்டு மணிக்கு யாரை எழுப்புவார்? என்னிடமாவது அந்த டிரைவர் ஒரு கேள்வி கேட்க முடிந்தது. கணினியிடம் அதுவும் முடியாது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய விதிப்படி மாம்பழத்துக்கு வரியும் இல்லை, இ-வே பில்லும் வேண்டாம். அந்த டிரைவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் இருக்கிறது. சொல்லத்தான் அவரைத் தெரியவில்லை.