மன்னார் முத்துக்குளிப்பும் ழூல் வெர்னின் பேரரசு எதிர்ப்பும்: புதுச்சேரி நோக்கில் ஒரு மறுவாசிப்பு

ழூல் வெர்னின் 'கடலடியில் இருபதாயிரம் லீக்குகள்' என்னும் அறிவியல் புதினம், பதிப்பாளர் எட்செல் இளையோருக்கென நடத்திய இதழில் 1869 மார்ச் முதல் 1870 ஜூன் வரை தொடராக வெளிவந்தது. இதன் இரண்டாம் பகுதியில், 1868 ஜனவரி இறுதியில் நாட்டிலஸ் நீர்மூழ்கி மன்னார் வளைகுடாவை அடைகிறது. முத்துக்குளிப்பவர் ஒருவரைத் தாக்கவந்த சுறாவுடன் தலைவர் நெமோ பொருதுகிறார். மீட்கப்பட்டவருக்கு முத்துகள் நிறைந்த பையை அளிக்கிறார். ஒடுக்கப்பட்டோரின் நாடே தம் நாடு எனவும் உரைக்கிறார்.

நெமோ இந்திய இளவரசர் தக்கார் என்பது 'மர்மத் தீவு' (1874–75) நூலில்தான் வெளிப்படுகிறது. அதன் ஒளியில் மன்னார்க் காட்சியை முன்னறிவிப்பாகக் கொள்வது எளிது. ஆயினும், நெமோவை உருசியப் பேரரசை எதிர்க்கும் போலந்தியராகப் படைக்கவே வெர்ன் முதலில் கருதினார் என்பதையும், எட்செல் அதற்கு உடன்படவில்லை என்பதையும் இருவரின் கடிதங்கள் காட்டுகின்றன. எனவே, நெமோவின் இந்தியப் பிறப்பு முன்பே முடிவுசெய்யப்பட்டிருந்தது என்பதற்கு இக்காட்சியைச் சான்றாகக் கொள்ள இயலாது.

காட்சியின் தகவல்கள் நூல்வழிப் பெறப்பட்டவை. சர் என்பவர் இலங்கை பற்றி எழுதிய நூலைக் கதைசொல்லியே குறிப்பிடுகிறார். ஆண்டுதோறும் மார்ச்சில் முந்நூறு படகுகள் கூடுவதாகப் புதினம் கூறுகிறது. வரலாறு வேறு. முத்துச்சிப்பிப் பார்கள் நெடுங்காலம் வறண்டு கிடப்பதுண்டு. 1864 முதல் 1873 வரை இலங்கைப் பகுதியில் முத்துக்குளிப்பே நடைபெறவில்லை. கூலி பற்றிய உரையாடலிலும் நெமோ சுட்டுவது பனாமாவின் வாரக்கூலியையே. மன்னாரிலோ சிப்பியில் ஒரு பங்கே குளிப்பவருக்குரிய ஊதியம், பெரும்பங்கு அரசுக்குரியது. பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் உள்ளிட்டோர் ஈடுபட்ட இத்தொழிலின் சமூக அமைப்பு புதினத்தில் இல்லை. மீட்கப்பட்டவருக்குப் பெயருமில்லை, பேச்சுமில்லை.

வெர்னின் பரிவுக்கு அரசியல் எல்லையும் உண்டு. 'எண்பது நாள்களில் உலகைச் சுற்றி' நூலில், சந்திரநாகூரில் பிரெஞ்சுக் கொடி பறப்பது பாஸ்பார்த்துவுக்குப் பெருமிதம் தரக்கூடிய ஒன்றாகவே சுட்டப்படுகிறது. அதே கொடியின்கீழ் இருந்த முதலியார்பேட்டையில் 1898இல் பெரிய பஞ்சாலை எழுந்தது. புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர் போராட்டத்தின்போது, 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச்சூட்டில் பன்னிருவர் உயிரிழந்தனர். முதலாளிகளைச் செல்வராக்கும் ஏழைகளுக்குக் கிட்டும் அற்பக் கூலியைக் கண்டு மன்னார்க் கடலில் வெகுண்ட பிரெஞ்சுக் கதைசொல்லியின் சொற்கள், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட இம்மண்ணுக்கும் பொருந்துவனவே.

ஆகவே, மன்னார்க் காட்சியைத் தமிழருக்குக் கிடைத்த பெருமையாக மட்டும் கொள்வது போதாது. பிரித்தானிய ஆட்சியின் கொடுமையைக் கண்ட கண், தன் நாட்டின் ஆட்சிப்பகுதியைக் காணாது விட்டதையும் சேர்த்துப் படிக்கும்போதே அப்புதினத்தின் வரலாற்று மதிப்பு முழுமையாகப் புலப்படும்.