ஆரஞ்சுப் படுகை (நமீபியா)

ஆரஞ்சுப் படுகை என்பது நமீபியாவின் தென்கரைக்கு அப்பால் அட்லாண்டிக் பெருங்கடலடியில் அமைந்து தென்னாப்பிரிக்கக் கடற்பகுதிக்குள்ளும் நீளும் படிவுப் படுகை. இதில் எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் உள்ளன. கோண்டுவானா கண்டம் பிளவுபட்டபின் ஆரஞ்சு ஆறு கொணர்ந்த வண்டல் இங்கே தடித்துப் படிந்தது. கிரீத்தேசியக் காலக் களிப்பாறை எண்ணெய் உருவாகும் மூலப்பாறையாகவும், ஆழ்கடல் விசிறி மணற்கற்கள் அது தங்கும் தேக்கப்பாறையாகவும் அமைந்துள்ளன.

1974-இல் கண்டறியப்பட்ட குடு எரிவாயு வயல் முதல் கண்டுபிடிப்பாகும். அதன் இருப்பு ஏறத்தாழ 1.3 டிரில்லியன் கன அடி என மதிப்பிடப்பட்டும், பொருளாதாரக் காரணங்களால் பல பத்தாண்டுகள் உற்பத்தி தொடங்கவில்லை. 2022 பிப்ரவரியில் ஷெல்லின் கிராஃப் கிணறும், சுமார் 3,000 மீட்டர் நீராழத்தில் டோட்டல்எனர்ஜிஸின் வீனஸ் கிணறும் எண்ணெய் கண்டன; 2024-இல் கால்ப் நிறுவனம் இப்படுகையின் மொபானே பகுதியில் எண்ணெய் இருப்பை அறிவித்தது.

கண்டுபிடிப்பு வணிக உற்பத்திக்கு உறுதியளிப்பதில்லை. சில தேக்கப்பாறைகளில் ஊடுருவுதிறன் குறைவு. எண்ணெயுடன் கரைந்துள்ள வாயு மிகுதி. வாயுவை எரித்து வீணாக்காமல் மீண்டும் நிலத்தடியில் செலுத்துவது செலவைக் கூட்டும். 2025 ஜனவரியில் ஷெல் இங்குள்ள தன் கண்டுபிடிப்புகள் தொடர்பாகச் சுமார் 40 கோடி டாலரை இழப்பாகப் பதிந்தது. அதே மாதம் செவ்ரானின் கபானா கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கிட்டவில்லை.

நமீபியப் பகுதியின் ஆய்வு உரிமங்களில் அந்நாட்டு அரசு நிறுவனமான நாம்கார் சிறுபங்கு வகிக்கிறது. லூடெரிட்ஸ், வால்விஸ் பே துறைமுகங்கள் கடற்பணிகளுக்கான துணைத்தளங்கள். பெங்குவேலா நீரோட்டத்தைச் சார்ந்த மீன்வளமும் இக்கடலுக்குரியது.