ஞாயிறுதோறும் ஓர் ஏடு

சென்னையின் தென் கடற்கரையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரைத் தாங்கி நிற்கும் பெசன்ட் நகர் பழம்பெருமை பேசும் ஊரன்று. அதற்கு வடக்கே உள்ள மயிலாப்பூருக்குத் தேவாரப் பாடல்களில் இடம் உண்டு. சாந்தோமுக்குப் போர்த்துக்கீசியர் காலத்து வரலாறு உண்டு. பெசன்ட் நகரோ சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் வீடுகள் எழுந்து வளர்ந்த பகுதி. அங்குள்ள அன்னை வேளாங்கண்ணி ஆலயமும் 1972ஆம் ஆண்டில் எழுந்ததே. ஆயினும், ஆகஸ்டு 29ஆம் நாள் அங்கே கொடி ஏறிவிட்டால், செப்டம்பர் 8 வரையில் நகரின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நடந்தே வந்து சேர்கின்றனர். கிறிஸ்தவர் மட்டுமல்லர், பிற சமயத்தாரும் அக்கூட்டத்தில் உண்டு.

செப்டம்பர் 8, மரியன்னையின் பிறந்தநாள். அந்நாளுக்கென்று கத்தோலிக்கத் திருச்சபை உலகெங்கும் குறித்து வைத்துள்ள நற்செய்திப் பகுதி யாது? மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம். கேட்பதற்கு இனிய கதையன்று. பெயர்களின் நீண்ட வரிசை. ஆபிரகாமுக்கு ஈசாக்கு, ஈசாக்குக்கு யாக்கோபு என்று தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் வமிசப் பட்டியல் அது. விழா நாளில் சுவையான பகுதி ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாகாதா என்று ஒரு மாணவர் கேட்கலாம். தேர்வு குருவின் கையில் இல்லை என்பதே விடை. இன்ன நாளில் இன்ன ஏட்டைப் படிக்க என்று விதிப்பது ஓர் அட்டவணை. அந்த அட்டவணையும் அதன்படி படிக்கப்படும் தமிழும் நம் மக்களின் செவிக்கு வந்து சேர்ந்த வரலாற்றையே இவ்வுரையில் சொல்ல முற்படுகிறேன்.

முதலில் திருச்சபையின் ஆண்டைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும். அது ஜனவரியில் தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்திய நான்காம் ஞாயிறே அதன் தலைநாள். நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் அது வரும். இதனைத் திருவருகைக் காலம் என்பர். பின்னர்க் கிறிஸ்து பிறப்பு. அதன்பின் நாற்பது நாள் தவக்காலம். அதன் முடிவில் உயிர்ப்புப் பெருநாள். அதிலிருந்து ஐம்பதாம் நாள் பெந்தெகொஸ்தே. எஞ்சிய முப்பத்து மூன்று அல்லது முப்பத்து நான்கு வாரங்கள் பொதுக்காலம் எனப்படும். பொங்கல் சூரியனைப் பற்றி நிற்பதையும், தீபாவளி சந்திரனைப் பற்றி நகர்வதையும் நம் பஞ்சாங்கத்தில் காண்கிறோம் அல்லவா? இங்கும் அவ்வாறே. கிறிஸ்து பிறப்பு டிசம்பர் 25ஐ விட்டு அசைவதில்லை. உயிர்ப்புப் பெருநாளோ நிலவைத் தொடர்ந்து மார்ச்சு 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையே அலைகிறது.

நாளோடு நூலைப் பிணைத்து ஓதுதல் தமிழர்க்குப் புதிதன்று. மார்கழியில் நாளுக்கொரு பாசுரமாகத் திருப்பாவை முப்பதும் ஒலிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். யூதர்கள் தங்கள் தொழுகைக்கூடங்களில் மோசேயின் நூல்களை வாரத்துக்கொரு பகுதியாகப் பிரித்து ஓதிவந்தனர். நாசரேத்து ஊர்த் தொழுகைக்கூடத்தில் எசாயாவின் சுருள் இயேசுவின் கையில் தரப்பட்டதாக லூக்கா எழுதுகிறார். கிறிஸ்தவர் இவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். மேற்கே காலப்போக்கில் அது இறுகி, 1570ஆம் ஆண்டில் ஐந்தாம் பயஸ் வெளியிட்ட திருப்பலி நூலில் நிலைபெற்றது. ஞாயிறுக்கு ஒரு நிருபப் பகுதி, ஒரு நற்செய்திப் பகுதி. ஆண்டு முடிந்தால் மீண்டும் அவையே. லூத்தர் உரோமையிலிருந்து பலவற்றில் விலகியபோதும், இந்த ஓராண்டு வரிசையைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டார்.

அவர் வழிவந்தவர்களே 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் இறங்கினர். சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1714-15ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். அச்சிட்ட நூல் என்றவுடன் வீட்டுக்கு வீடு படித்தனர் என்று எண்ணிவிடலாகாது. எழுத்தறிந்தோர் சிலரே. மீனவரும் உழவரும் வீட்டுப் பணிப்பெண்களும் அந்நூலை அறிந்தது செவி வழியாகவே. ஆண்டுதோறும் அதே ஞாயிற்றில் அதே பகுதி திரும்பி வந்தமையால், ஏடு காணாத ஒருவரும் பத்து ஆண்டுகளில் அதை நெஞ்சில் எழுதிக்கொள்ள முடிந்தது. இதை நான் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையிலும் இதற்கு இணையான ஒன்று நிகழ்ந்தது. அங்கே டச்சுக்காரர் ஆட்சியில் கத்தோலிக்கக் குருமார் தடை செய்யப்பட்டிருந்தனர். கோவாவிலிருந்து 1705இல் சென்ற ஜாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குரு தமிழும் சிங்களமும் கற்று, இரு மொழிகளிலும் பல நூல்கள் இயற்றினார். ஞாயிறுகளுக்கும் திருநாள்களுக்கும் உரிய நற்செய்திப் பகுதிகளைத் தமிழில் தந்து விரித்துரைக்கும் நூலும் அவற்றுள் ஒன்று. குரு எப்போது வருவாரோ தெரியாத ஊர்களில், மக்களில் ஒருவர் எழுந்து அன்றைய பகுதியைப் படித்தால் போதும். திருச்சபையின் ஆண்டு நடந்துகொண்டிருக்கும். கத்தோலிக்கர் அந்நாளில் மறைநூலை மக்கள் மொழியில் படித்ததே இல்லை என்று சிலர் எழுதிவிடுகின்றனர். அவ்வளவு எளிதான வரலாறன்று அது.

இனிச் சென்னைக்கு வருவோம். வேப்பேரியில் வாழ்ந்து 1791இல் மறைந்த பப்ரிசியு என்னும் ஜெர்மானியர், சீகன்பால்கின் மொழிபெயர்ப்பைத் திருத்தித் திருத்திப் புதியதொன்றாகவே ஆக்கினார். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய அச்சுப்பொறி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு அவர் மறைந்தபின் 1796இல் நிறைவுற்றது. படித்தவர் கண்ணுக்கு அந்நடையில் குறை தென்பட்டிருக்கலாம். ஞாயிறுதோறும் கேட்டவர் செவிக்கு அதுவே வேதத்தின் குரலாயிற்று.

பின்வந்த ரேனியுசு என்பார் இதனை மேலும் எளிமையும் இலக்கணச் செம்மையும் உடையதாக்க விரும்பித் திருத்த முற்பட்டபோது, தஞ்சாவூரிலிருந்து உரத்த குரல் ஒன்று எழுந்தது. சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்தவரும், சரபோஜி மன்னரோடு உடன் பயின்றவருமான வேதநாயக சாஸ்திரியார் அதை முனைந்து எதிர்த்து எழுதினார். மக்கள் மனத்தில் பதிந்துவிட்ட சொற்களை மாற்றுவது அவர்களுடைய வேதத்தையே மாற்றுவதாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். அதே காலத்தில் மிஷனரிமாருக்கு எதிராக அவர் எழுதியவற்றில் சாதி வேற்றுமையை விட்டுக்கொடுக்க மனமில்லாமையும் கலந்திருந்தது. அதனை மறைத்துப் பேசுதல் வரலாறு ஆகாது. ஆயினும், சொல்லைப் பற்றிய அவருடைய கவலை பொருளற்றதன்று. ஒரு சான்று தருகிறேன். கடவுளைக் குறிக்கச் சீகன்பால்கு ‘சருவேசுரன்’ என்றார். பப்ரிசியு ‘பராபரன்’ என்றார். பவர் ஐயர் தலைமையில் 1871இல் நிறைவுற்ற ஐக்கிய மொழிபெயர்ப்பு ‘தேவன்’ என்றது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து உருவாக்கி 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் ‘கடவுள்’ என்றே படிக்கிறோம். அறிஞருக்கு இவை நான்கு மொழிபெயர்ப்புச் சொற்கள். துன்பம் வந்த இரவில் ‘பராபரனே’ என்று அழைத்துப் பழகிய மூதாட்டிக்கோ அவை நான்கு அல்ல. ஐக்கிய மொழிபெயர்ப்பு வந்த பின்னும் லூத்தரன் சபையார் நெடுங்காலம் பப்ரிசியுவை விடாதிருந்ததன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

அட்டவணையின் வரலாற்றில் அடுத்த திருப்பமும் சென்னையிலேயே நிகழ்ந்தது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அதில் இணைந்தவருள் ஆங்கிலிகன் சபையார் வகுத்த நாட்காட்டியும் வாசகமும் உடையவர்கள். காங்கிரிகேஷனல் சபையாரோ போதகர் தாம் விரும்பும் பகுதியை எடுத்துப் பேசும் மரபினர். இவர்கள் ஒன்றுகூடி ஒரே ஏட்டைப் புரட்டுவது எப்படி? 1950இல் அச்சபை உருவாக்கிய திருவிருந்து ஆராதனை முறையில் பழைய ஏற்பாடு, நிருபம், நற்செய்தி என மூன்று வாசகங்கள் இடம்பெற்றன. உரோமையின் ஞாயிறு வழிபாட்டில் பழைய ஏற்பாட்டு வாசகம் மிக அரிதாயிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொண்டால், சென்னையில் நடந்தது எத்துணை முற்பட்ட செயல் என்பது விளங்கும். மேல்நாட்டு நூல்கள் இதனை ஓரிரு வரியில் கடந்துவிடுகின்றன. நாமும் அவ்வாறு கடந்துவிட வேண்டியதில்லை.

உரோமையில் மாற்றம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்தது. 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான வழிபாட்டு ஏடு, மறைநூலின் செல்வத்தை மக்களுக்கு மேலும் தாராளமாகத் திறந்து வைக்க வேண்டும் என்று பணித்தது. சில ஆண்டுகளிலேயே பீடத்தில் இலத்தீன் ஒலித்த இடத்தில் தமிழ் ஒலித்தது. 1969ஆம் ஆண்டுத் திருவருகைக் காலத்தில் புதிய வாசக அட்டவணை நடைமுறைக்கு வந்தது. ஓராண்டுச் சுற்று மூவாண்டுச் சுற்றாக விரிந்தது: முதல் ஆண்டில் மத்தேயு, இரண்டாம் ஆண்டில் மாற்கு, மூன்றாம் ஆண்டில் லூக்கா. யோவானின் பகுதிகள் தவக்காலம் முதலிய சிறப்பு நாள்களில் வரும். எந்த ஆண்டு எந்த நற்செய்தி என்பதை மாணவர்கள் தாமே கணக்கிடலாம். மூன்றால் மீதமின்றி வகுபடும் ஆண்டு லூக்காவுக்கு உரியது. 2025 அவ்வாறு வகுபடும். ஆகவே 2024இன் திருவருகைக் காலத்தில் தொடங்கிய ஆண்டு லூக்காவினுடையது. இந்த அட்டவணையைத் தழுவியே வட அமெரிக்கச் சீர்திருத்த சபையார் 1992இல் தமக்கென ஒரு பொது அட்டவணையை வகுத்துக்கொண்டனர்.

இதனால் பெற்றது பெரிது. தீர்க்கதரிசிகளின் சினமும் யோபுவின் புலம்பலும் ஞாயிற்றுக்கிழமையின் சொத்தாயின. இழந்ததும் உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் பகுதி, ஆண்டுதோறும் வந்த பகுதியைப் போல நெஞ்சில் ஆழப் பதியுமா? பதியாது என்பதே என் கருத்து. அகலத்துக்காக ஆழத்தில் ஒரு பங்கைக் கொடுத்தனர். எழுத்தறிவு பரவிய காலத்தில் அவ்வாறு கொடுக்கலாம் என்று துணிந்தனர் போலும். அத்துணிவை நான் குறை கூறவில்லை.

எவ்வளவு விரித்த அட்டவணையும் சிலவற்றை விட்டே செல்லும். மத்தேயுவின் வமிசப் பட்டியலில் ஆடவர் பெயர்களின் நடுவே தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என நான்கு பெண்கள் மரியாவுக்கு முன்னே வருகின்றனர். அவர்களுள் ரூத்து மோவாபு நாட்டவள். கணவனை இழந்தபின் மாமியாரைக் கைவிடாமல் அவளோடு அயல்நாடு சென்று, வயலில் சிந்திய கதிர் பொறுக்கிப் பிழைத்தவள். நம் நாட்டு மகளிர்க்கு இதைவிட நெருங்கிய கதை விவிலியத்தில் அரிது. ஆனால், அவள் பெயரைத் தாங்கிய நூலிலிருந்து ஒரு பகுதியேனும் மூவாண்டு ஞாயிறு வரிசையில் இல்லை. வாரநாள் வழிபாட்டுக்கு வருவோர் கேட்கலாம். ஞாயிறு மட்டும் வருவோர்க்கு அவள் பட்டியலில் ஒரு பெயர்தான்.

படிப்பவர் யார் என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததே. முன்னாளில் பீடத்தருகே நின்று படித்தவர் குருவோ திருப்பணியாளரோதான். 1972இல் ஆறாம் பவுல் வாசகர் பணியைப் பொதுநிலையினர்க்குத் திறந்துவிட்டார். முறைப்படி அப்பணியில் அமர்த்தப்படும் உரிமையை ஆடவர்க்கே வைத்தார். நடைமுறையில் பெண்கள் அதற்கடுத்த ஆண்டுகளில் உலகெங்கும் படித்துவந்தனர். சட்டத்தில் அவ்வுரிமையை அவர்களுக்கு வழங்கியவர் போப் பிரான்சிஸ், 2021 ஜனவரியில். இன்று நம் நகரத்து ஆலயங்களில் கல்லூரி மாணவியர் முதல் வாசகம் படிக்க எழுந்து வருவதைக் காண்கிறேன். அவர்களிற் சிலர் பவுலின் நீண்ட வாக்கியங்களில் எங்கே மூச்சு விடுவது என்று முன்னரே கோடிட்டுக்கொண்டு வருகின்றனர். அத்தகையோர் படிக்கும்போது பின்வரிசையில் கடலைப் பார்த்து அமர்ந்திருப்போரும் திரும்பிக் கேட்கின்றனர்.