சிம்பாவை நிறுத்தினது யாரு?

இன்னைக்கு எபிசோட்ல சில குரங்குகளைப் பத்திப் பேசப்போறோம்.

நான் வளர்ந்தது செஞ்சிக்குப் பக்கத்துல இருக்கிற அனந்தபுரத்துல. 2000-கள்ல லீவு விட்டா, பஸ் ஏறி செஞ்சியில இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போவோம். ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். நானும் என் சித்தி பையனும் ஆளுக்குப் பத்து போட்டு, ஒரே கீபோர்டுல விளையாடுவோம். சிம்பாவை நடத்துறது நான், தாவ வைக்கிறது அவன். கேம் பேரு ‘தி லயன் கிங்’.

முதல் லெவல் ஜாலியா முடிஞ்சிடும். ரெண்டாவதுல குரங்குகள் சிம்பாவைத் தூக்கி எறியும். எந்தக் குரங்கைப் பார்த்துக் கர்ஜிச்சா அது திசை மாத்தி எறியும்னு கண்டுபிடிக்கணும். எங்களுக்குப் பிடிபடவே இல்லை. அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடும். ‘உனக்குத் தாவத் தெரியலடா’ன்னு நான் திட்ட, அவன் வீடு வர்ற வரைக்கும் பேசமாட்டான்.

தப்பு அவன் மேல இல்லைன்னு பல வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது.

படம் வந்தது 1994 ஜூன்ல. அந்த வருஷக் கடைசியிலேயே கேமும் வந்துடுச்சு. உருவாக்கினது அமெரிக்காவோட வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ், வெளியிட்டது வர்ஜின் இன்டராக்டிவ். மொத்தம் 10 லெவல்தான். வழி தெரிஞ்சவங்க ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடலாம். சிக்கலே அதுதான்.

நம்ம ஊர்ல டெக் வாடகைக்கு எடுத்து, ராத்திரி முழுக்கப் படம் பார்த்த கதையை அப்பா அம்மா சொல்லியிருப்பாங்க. அமெரிக்காவுல கேம் கேசட்டையும் அப்படி வாடகைக்கு எடுப்பாங்க. 1990-ல வந்த ஒரு சட்டம், கம்ப்யூட்டர் சாஃப்ட்வேரை உரிமையாளர் அனுமதி இல்லாம வாடகைக்கு விடக்கூடாதுன்னு சொன்னது. ஆனா கேம் கேசட்டுக்கு விலக்கு கொடுத்திருந்தாங்க. அதனால பிளாக்பஸ்டர் மாதிரி கடைகள்ல சனி, ஞாயிறுக்கு எடுத்துட்டுப் போய், முடிச்சுட்டுத் திருப்பிக் கொடுத்துடலாம். அப்புறம் காசு கொடுத்து யார் வாங்குவாங்க?

அதனால, வாடகை நேரத்துக்குள்ள ஒரு அளவுக்கு மேல யாரும் போயிடக்கூடாதுன்னு டிஸ்னி கேட்டுக்கிட்டதா, வெஸ்ட்வுட் நிறுவனர்கள்ல ஒருத்தரான லூயிஸ் கேஸில் பின்னாடி சொல்லியிருக்கார். அதுக்காகத்தான் ரெண்டாவது லெவலோட குரங்குப் புதிரைக் கடினமாக்கினாங்களாம்.

எங்க செஞ்சிக்கு இந்தத் தந்திரம் புதுசில்லை. ராஜகிரி கோட்டையில மேல ஏற ஏற வாசலுக்கு மேல வாசல். உச்சிக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பெரிய பாறைப் பிளவு வேற. எதிரியோட நேரத்தைத் தின்னணும், அவ்வளவுதான் கணக்கு. 1690-ல முற்றுகை போட்ட மொகலாயப் படை உள்ள நுழைஞ்சது 1698-ல.

ஆனா கோட்டை தடுத்தது எதிரியை. இந்தக் கேம் தடுத்தது குழந்தைகளை. அமெரிக்க வாடகைக் கடைக்காகப் போட்ட பூட்டு, அந்தக் கடையையே பார்க்காத எங்க 20 ரூபாயையும் விழுங்குச்சு. அது போனாக்கூடப் பரவாயில்லை. ‘நமக்கு வராது’ன்னு எத்தனை பசங்க கீபோர்டை விட்டு எழுந்து போயிருப்பாங்க!

2019-ல ‘அலாதீன்’ கேமோட சேர்த்து இதைத் திரும்ப வெளியிட்டாங்க. விழுந்தா காட்சியைப் பின்னாடி ஓட்டி மறுபடி தாவலாம். சித்தி பையனை வீட்டுக்கு வரச்சொல்லி விளையாடினோம். குரங்குகளைத் தாண்டினதும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ‘ஸாரிடா’ன்னு சொன்னேன்.

நீங்க எந்த லெவல்ல மாட்டிக்கிட்டீங்க? எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.