டை கட்டிய ரெஃபரி

இன்னைக்கு ஒரு ஃபைனல் பற்றிப் பேசலாம். கோல் போட்டவங்களைப் பற்றி இல்லை, விசில் ஊதியவரைப் பற்றி.

1930 ஜூலை 30, உருகுவே தலைநகர் மான்டெவீடியோ. முதல் ஃபுட்பால் உலகக் கோப்பையின் கடைசி மேட்ச். உருகுவேக்கு எதிரே பக்கத்து நாடான அர்ஜென்டினா. அக்கரையிலிருந்து ரசிகர்கள் கப்பல் பிடிச்சு வந்தாங்க. துப்பாக்கி இருக்கான்னு சோதிச்சுத்தான் ஸ்டேடியத்துக்குள்ளேயே விட்டாங்க.

ரெஃபரி ஜான் லாங்கெனஸ், பெல்ஜியம்காரர், வயது 38. பழைய போட்டோவைப் பாருங்க: கோட்டு, டை, முழங்காலுக்குக் கீழே இறுக்கிய தொளதொள கால்சட்டை. ஏதோ பேங்க் மேனேஜர் வழி தவறி கிரவுண்டுக்குள்ள வந்துட்ட மாதிரி இருப்பார்.

அவர் போட்ட நிபந்தனைதான் பிரபலம். தனக்குப் பாதுகாப்பு வேணும். மேட்ச் முடிஞ்ச ஒரு மணி நேரத்துக்குள்ள கிளம்ப, துறைமுகத்தில் கப்பல் தயாரா நிக்கணும். இதைச் சொல்லிச் சிரிக்கிறவங்க நிறைய. நான் சிரிக்க மாட்டேன். ரோல்பேக் பிளான் இல்லாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் புரொடக்ஷன்ல கை வைக்காத ஆளு நான்.

அடுத்த தகராறு பந்து. ரெண்டு டீமும் தங்க பந்துதான் வேணும்னு நின்னாங்க. முதல் பாதிக்கு அர்ஜென்டினா பந்து, அடுத்த பாதிக்கு உருகுவே பந்துன்னு முடிவாச்சு.

உண்மையான சோதனை 37வது நிமிஷம். ஸ்கோர் 1-1. அர்ஜென்டினாவின் ஸ்டாபிலே கோல் அடிக்கிறார். ஆஃப்சைடுன்னு உருகுவே கேப்டன் நசாசி முறையிடுகிறார். சுத்தி நிக்கிற 60,000க்கும் மேற்பட்ட கூட்டத்தில் பெரும்பாலும் உருகுவேக்காரங்க. ரீப்ளே கிடையாது. மஞ்சள், சிவப்பு அட்டைகளே 1970 உலகக் கோப்பையில்தான் வந்தது. கையில் இருந்தது ஒரு விசில்.

கோல் செல்லும்னார் லாங்கெனஸ். 2-1, அர்ஜென்டினா முன்னிலை. துறைமுகத்துக் கப்பல்தான் அந்தத் தைரியத்தைக் கொடுத்திருக்கும்னு நினைக்கிறேன். உயிரோட ஊர் திரும்ப வழி இருக்குன்னு தெரிஞ்சவரால்தான் உள்ளூர் டீமுக்கு எதிரா நிக்க முடியும்.

இரண்டாம் பாதியில் உருகுவே மூணு கோல் போட்டு 4-2ன்னு ஜெயிச்சது. மறுநாள் அங்கே பொது விடுமுறை. பியூனஸ் அயர்ஸில் உருகுவே தூதரக அலுவலகத்தின் மேல கல் விழுந்தது.

லாங்கெனஸ் அதோட விசிலைக் கீழே வைக்கலை. 1934 உலகக் கோப்பையிலும் வந்தார். 1938ல் பிரான்ஸின் போர்டோ நகரில், பிரேசிலும் ஸ்வீடனும் மூன்றாம் இடத்துக்கு மோதினப்பவும் ரெஃபரி அவர்தான்.